டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் பேச மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கணக்குப் போட்டு, பாகங்களை வாங்கி, பிரெட்போர்டில் செருகி, சப்ளையைக் கொடுத்தால் ஸ்பீக்கரில் மௌனம். உடனே எல்லாரும் செய்வது டிரான்சிஸ்டரைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் செருகுவதுதான். அதுவும் பேசாது. மூன்றாவதும் பேசாது. என் மேசைக்கு வரும் போர்டுகளில் டிரான்சிஸ்டர் உண்மையிலேயே செத்திருப்பது அபூர்வம். ஒயர் ஒரு துளை தள்ளி இருக்கும், ரெசிஸ்டரின் நிறத்தை மாற்றிப் படித்திருப்பார்கள், அல்லது கால்கள் இடம் மாறியிருக்கும்.

எதையும் பிடுங்குவதற்கு முன்னால் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களிலும் உள்ள டிசி வோல்டேஜை அளந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். சிக்னல், ஸ்பீக்கர், சிஆர்ஓ (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) எல்லாம் அப்புறம். டிசி சரியாக இல்லாத ஆம்ப்ளிஃபையரில் சிக்னலைத் தேடுவது நேர விரயம்.

## எந்த சர்க்யூட்டுக்கு இந்த எண்கள்

கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரே சர்க்யூட்டுக்கு உரியவை. 12 வோல்ட் சப்ளை, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், காமன் எமிட்டர் (பேஸில் சிக்னல் கொடுத்துக் கலெக்டரில் எடுக்கும் அமைப்பு). பேஸுக்கு மேலே 47கே (கே என்றால் கிலோ ஓம்) ரெசிஸ்டர், கீழே 10கே. கலெக்டரில் 4.7கே, எமிட்டரில் 1கே. எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெப்பாசிட்டர் (சிக்னலை மட்டும் ரெசிஸ்டரைச் சுற்றி கிரவுண்டுக்கு விடுவது). உள்ளேயும் வெளியேயும் 10 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது). கல்லூரி லேபில் கட்டுவது ஏறக்குறைய இதுதான். பிசி107 போட்டாலும் எண்கள் பெரிதாக மாறாது.

எல்லாம் சரியாக இருந்தால், மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து அளக்கும்போது பேஸில் சுமார் 2.05 வோல்ட், எமிட்டரில் 1.4, கலெக்டரில் 5.4 இருக்கும். 5 சதவீத ரெசிஸ்டர்கள் என்பதால் கலெக்டரில் அரை வோல்ட் முன்னே பின்னே போகலாம். அதற்கு மேல் போனால் காரணம் இருக்கிறது.

உங்கள் சர்க்யூட்டின் மதிப்புகள் வேறு என்றால் இதே மூன்று எண்களை உங்களுக்கென்று கணக்கிட்டு வரைபடத்தின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். பரீட்சைக்காகப் போட்டதோடு விட்டுவிடும் அந்தக் கணக்கு, பழுது பார்க்கும்போதுதான் சம்பளம் கொடுக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

சப்ளை போர்டுக்குள் வருகிறதா? பவர் சப்ளையின் டிஸ்ப்ளேயை நம்பாமல், 4.7கே-யின் மேல் கால் மீதே மீட்டர் முனையை வைத்துப் பாருங்கள். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் சிவப்பு, நீலக் கோட்டுத் தண்டவாளங்கள் நடுவில் துண்டாகியிருக்கும். இடது பாதியில் 12 வோல்ட், வலது பாதியில் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு சின்ன ஒயர் போட்டால் தீர்ந்தது.

கால்கள் சரியா? பிசி547-ன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு இது அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கடையில் கொடுத்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பிசி107 போன்ற உலோகத் தொப்பி வகையில் சின்ன நாக்குக்குப் பக்கத்தில் இருப்பது எமிட்டர். தொப்பி கலெக்டரோடு சேர்ந்தது, பக்கத்து ஒயரில் உரசவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேஸில் வைத்தால் இரண்டு பக்கமும் 0.6, 0.7 காட்டும். அவற்றில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் கால் எமிட்டர்.

சிஆர்ஓ கிளிப் எங்கே? புரோபின் முதலைக் கிளிப் உள்ளுக்குள் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. ஃபங்ஷன் ஜெனரேட்டரின் கறுப்பு ஒயரும் பெரும்பாலும் அப்படியே. சிஆர்ஓ கிளிப்பை எமிட்டரில் மாட்டி "பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே" பார்க்கப் போனால், எமிட்டரையே கிரவுண்டில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கிளிப் எப்போதும் கிரவுண்டில் மட்டும்.

## அறிகுறி 1: சத்தமே இல்லை

இங்கே வழி மூன்றாகப் பிரியும். உங்கள் காகிதத்தில் கலெக்டர் எண்ணைப் பாருங்கள்.

### கலெக்டரில் 12 வோல்ட் அப்படியே நிற்கிறது

டிரான்சிஸ்டரில் கரண்ட் ஓடவில்லை. அடுத்து பேஸைப் பாருங்கள்.

பேஸில் 0 என்றால் மேலே இருந்து 47கே வந்து சேரவில்லை. ஒரு துளை தள்ளிச் செருகியிருப்பீர்கள், அல்லது பேஸ் கிரவுண்டோடு ஒட்டியிருக்கும்.

பேஸில் 2.1, எமிட்டரில் 0 என்றால் பேஸ் வரை எல்லாம் சரி. டிரான்சிஸ்டரின் எமிட்டர் கால் போர்டில் தொடவில்லை, அல்லது உள்ளே பேஸ்–எமிட்டர் அறுந்திருக்கிறது. காலை அழுத்திப் பாருங்கள். மாறாவிட்டால்தான் டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டும்.

பேஸில் 2.1, எமிட்டரிலும் நல்லபிள்ளையாக 1.5-க்குப் பக்கம் ஏதோ காட்டுகிறது, ஆனால் கலெக்டரில் 12. இது பலரைக் குழப்பும். 1கே எமிட்டர் ரெசிஸ்டர் கிரவுண்டைத் தொடவில்லை. டிஜிட்டல் மீட்டரின் 10 மெகாஓம் வழியே ஓடும் நூலிழைக் கரண்ட்தான் அந்த 1.5-ஐக் காட்டுகிறது. மீட்டர் முனையை எடுத்துவிட்டால் அங்கே உருப்படியான கரண்ட் ஏதுமில்லை. எமிட்டர் எண் சரி, கலெக்டர் எண் தவறு என்று வந்தால் நேராக 1கே-யின் கீழ்க்காலுக்குப் போங்கள்.

### கலெக்டர் வோல்டேஜ் கீழே விழுந்து கிடக்கிறது

இதில் துப்பு நிறைய உண்டு. பேஸ், எமிட்டர், கலெக்டர் என்ற வரிசையில் படியுங்கள்.

2.9, 2.2, 2.3 என்றால் கீழே உள்ள 10கே இல்லை. 47கே வழியே வரும் கரண்ட் முழுவதும் பேஸுக்குள் போய் டிரான்சிஸ்டரை முழுக்கத் திறந்துவிட்டது.

மூன்றுமே 2.1 என்றால் மேலே சொன்னதற்கும் இதற்கும் பேஸில்தான் வித்தியாசம். எமிட்டரை விடப் பேஸ் 0.6 உயரமாக இல்லை, ஆனாலும் கலெக்டரில் கரண்ட் ஓடுகிறது. கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட். போர்டில் ஒயர் எதுவும் ஒட்டவில்லை என்றால் டிரான்சிஸ்டர் போய்விட்டது. அந்த அபூர்வக் கேஸ் இது.

0.7, 0, 0.1 என்றால் எமிட்டர் நேராக கிரவுண்டில் இருக்கிறது. பைபாஸ் கெப்பாசிட்டர் ஷார்ட், அல்லது அதன் இரண்டு காலும் ஒரே வரிசையில் செருகப்பட்டிருக்கிறது. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் உடனே தெரியும்.

0.8, 0.15, 0.2 என்றால் 4.7கே அறுந்திருக்கிறது; கலெக்டருக்கு மேலிருந்து ஒன்றும் வரவில்லை.

சுமாராக 1.1, 0.4, 0.45 என்றால் 4.7கே இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு 47கே. மஞ்சள், ஊதா, சிவப்பு என்பது 4.7கே, மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்பது 47கே. டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். நீல உடல் கொண்ட ஒரு சதவீத ரெசிஸ்டர்களில் ஐந்து கோடுகள் இருப்பதால் இன்னும் மோசம். நிறத்தை நம்பாமல், செருகும் முன்பே ஒவ்வொன்றையும் மீட்டரில் அளப்பதுதான் என் பழக்கம். செருகிய பிறகு போர்டில் வைத்தே ஓம் அளந்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து குறைத்துக் காட்டும்.

### மூன்று எண்களும் சரி, ஆனாலும் சத்தம் இல்லை

ஆம்ப்ளிஃபையரில் பழுது இல்லை. வழியில் எங்கேயோ அடைப்பு. கப்ளிங் கெப்பாசிட்டர்கள், ஜாக், ஒயர், மூலம் ஆகியவற்றில் ஒன்று. 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை உள்ளே கொடுத்து, முதலில் மூலத்திலும் பிறகு பேஸிலும் கலெக்டரிலும் அவுட்புட் கெப்பாசிட்டருக்கு அப்பாலும் வரிசையாகப் பாருங்கள். எங்கே காணாமல் போகிறதோ அதற்கு முந்தைய பாகம்தான் குற்றவாளி.

சிஆர்ஓ இல்லாதவர்கள், கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன ஸ்பீக்கர் செட் ஒன்றின் உள்ளீட்டு ஒயரில் 0.1 மைக்ரோஃபாரட், அதாவது 104 என்று எழுதிய கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டு அதையே முனையாக வைத்துத் தொட்டுத் தொட்டுக் கேட்கலாம். மூலத்துக்கு மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் போதும், ஆனால் கெப்பாசிட்டர் இல்லாமல் மொபைலை நேரடியாகப் பேஸில் மாட்டாதீர்கள்.

## அறிகுறி 2: சத்தம் வருகிறது, ஆனால் மிகக் குறைவு

காரணங்களை மலிவான வரிசையில் பார்ப்போம்.

ஸ்பீக்கரை நேராக மாட்டியிருக்கிறீர்களா? லேபில் கிடைத்த 250 மடங்குப் பெருக்கத்தை நம்பி அவுட்புட் கெப்பாசிட்டருக்கு அப்பால் 8 ஓம் ஸ்பீக்கரைக் கட்டுவது வழக்கமான ஆசை. இந்தச் சர்க்யூட்டில் எமிட்டருக்குள்ளேயே சுமார் 18 ஓம் இருக்கிறது. கலெக்டரில் 8 ஓம் பளு விழுந்தால் மடங்கு அரைக்கும் கீழே போய்விடும், உள்ளே கொடுத்ததைவிடக் குறைவாக வெளியே வரும். சரி செய்ய இங்கே எதுவும் இல்லை. பின்னால் ஒரு அவுட்புட் ஸ்டேஜ் வேண்டும். இயர்போனிலோ இன்னொரு ஆம்ப்ளிஃபையரிலோ கேட்டுச் சத்தம் சரியாக இருந்தால் இந்த ஸ்டேஜ் நல்லதுதான்.

மடங்கு நாலரை, ஐந்துக்குள் நிற்கிறதா? பைபாஸ் கெப்பாசிட்டர் தொடவில்லை. அது இல்லாவிட்டால் 4.7கே-யை 1கே-யால் வகுத்தது மட்டுமே மிஞ்சும். டிசி எண்களில் இதற்கு எந்த அடையாளமும் தெரியாது. டிசி எல்லாம் கச்சிதம், மடங்கு மட்டும் சுமார் 4.6 என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அடுத்த ஸ்டேஜ் கட்டியதும் பாதிக்கும் கீழே விழுந்ததா? அது பழுதே இல்லை. இரண்டாவது ஸ்டேஜின் உள்ளீடு 3கே-க்குப் பக்கம். அது முதல் ஸ்டேஜின் 4.7கே-க்கு இணையாக உட்கார்ந்துகொண்டால் 250 என்பது 100 ஆகும். டிசைன் செய்யும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு எமிட்டர் ஃபாலோயர் (சிக்னலை எமிட்டரிலிருந்து எடுக்கும் ஸ்டேஜ்) வைத்தால் மீளலாம்.

எண்களும் குழப்பம், சத்தமும் குறைவு என்றால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். தலைகீழாகச் செருகினாலும் டிரான்சிஸ்டர் ஏதோ கொஞ்சம் வேலை செய்யும் என்பதுதான் இதில் வில்லங்கம். பிசி547-ன் பேஸ்–எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் 6 வோல்ட் வரைதான் தாங்கும் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. 12 வோல்ட் சப்ளையில் தலைகீழாக இருந்தால் அது உடைந்து கசியும். நேராகத் திருப்பிச் செருகினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நீண்ட நேரம் அப்படி இருந்த டிரான்சிஸ்டரின் பீட்டா (கரண்டைப் பெருக்கும் அளவு) குறைந்து, இரைச்சல் கூடியிருக்கும். சில ரூபாய்ப் பொருள், தூக்கிப் போடுங்கள்.

### கனமான கீழ்ச்சத்தம் மட்டும் இல்லை, தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது

எல்லாரும் உள்ளீட்டுக் கப்ளிங்கைத்தான் சந்தேகப்படுவார்கள். 10 மைக்ரோவுக்குப் பதில் 104 போட்டிருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம்தான், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய்ந்துவிடும். சரியாக 10 மைக்ரோ இருந்தால் அது 5, 6 ஹெர்ட்ஸ் வரை விடும். பிரச்சினை அங்கே இல்லை.

பைபாஸ் கெப்பாசிட்டரைப் பாருங்கள். அது எதிர்கொள்வது 1கே அல்ல, எமிட்டருக்குள் தெரியும் அந்த 18 ஓம். 100 மைக்ரோ போட்டாலே 90 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் சரியத் தொடங்கும். "1கே-தானே" என்று நினைத்து 10 மைக்ரோ போட்டவர்களுக்கு 900 ஹெர்ட்ஸிலேயே சரிவு ஆரம்பம். 470 மைக்ரோ போட்டுப் பாருங்கள்.

அவுட்புட் ஸ்டேஜ் இருந்தால் ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டரும் இதே ரகம். 8 ஓமுக்கு 1000 மைக்ரோ என்றால் 20 ஹெர்ட்ஸ் வரை வரும். 100 மைக்ரோ என்றால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும்; மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்கும், தொப்பி கேட்காது.

## அறிகுறி 3: சத்தம் உடைகிறது, கரகரக்கிறது

எப்போது உடைகிறது என்பதுதான் முதல் கேள்வி.

### வால்யூமை ஏற்றினால் மட்டும்

சிக்னல் அதிகம். எமிட்டர் முழுக்க பைபாஸ் செய்த ஸ்டேஜில் பேஸுக்கு 10 மில்லிவோல்ட் உச்சம் கொடுத்தாலே 10 சதவீதம் டிஸ்டார்ஷன் வந்துவிடும். பல ஃபங்ஷன் ஜெனரேட்டர்களின் குமிழை முழுக்கக் குறைத்தாலும் அதைவிடப் பல மடங்கு வெளியே வரும். மொபைலின் ஹெட்போன் வெளியீடும் அப்படியே. ஜெனரேட்டருக்குப் பின்னால் 10கே தொடராகவும் 100 ஓம் கிரவுண்டுக்கும் போட்டால் நூறில் ஒரு பங்காகக் குறையும். அப்போது அலை அழகாக வந்தால் சர்க்யூட்டில் குறை ஒன்றுமில்லை.

அப்படியும் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிறது என்றால் சிஆர்ஓவில் கலெக்டரைப் பாருங்கள். மேல்பக்கம் வெட்டுப்பட்டால் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது, பயாஸ் (பேஸுக்குக் கொடுக்கும் டிசி) குறைவு. கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டால் முழுக்கத் திறந்துகொள்கிறது, பயாஸ் அதிகம். நம் எண்களில் கீழ்நோக்கி 3.8 வோல்ட்தான் இடம் இருக்கிறது, மேல்நோக்கி 6.6. ஆகவே கீழே முதலில் வெட்டுவது இயல்பு.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் 1கே-யை 100 ஓம், 910 ஓம் என்று இரண்டாகப் பிரித்து, 910-க்கு மட்டும் பைபாஸ் கொடுங்கள். மடங்கு 40-க்கு இறங்கும். ஆனால் டிரான்சிஸ்டரை மாற்றினாலும் மாறாது, உடையவும் உடையாது. 250 மடங்கு என்று பெருமையடிப்பதைவிட 40 மடங்கில் இரண்டு ஸ்டேஜ் கட்டுவதே மேல் என்பது என் கட்சி.

### சத்தம் குறைவாக இருக்கும்போது மட்டும்

இது நேர்மாறான நோய். உரக்க வைத்தால் பரவாயில்லை, மெதுவாக வைத்தால் பேச்சு கரகரவென்று கிழிகிறது. அவுட்புட் ஸ்டேஜில் கிராஸ்ஓவர், அதாவது ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து இன்னொன்றுக்கு அலை கைமாறும் இடத்தில் விழும் இடைவெளி. ஸ்பீக்கரை ஓட்ட பிடி139, பிடி140 டிரான்சிஸ்டர் ஜோடியும், அவற்றின் பேஸ்களுக்கு நடுவே இரண்டு டையோடுகளும் போட்டிருந்தால் இரண்டு பேஸ்களுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள்.

1.2, 1.3 வோல்ட் இருக்க வேண்டும். 0.6 என்றால் இரண்டு டையோடுகளில் ஒன்று ஷார்ட், அல்லது ஒன்றைத்தான் போட்டிருக்கிறீர்கள். 0 என்றால் இரண்டு பேஸையும் நேராக இணைத்துவிட்டீர்கள். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உடனே சப்ளையை நிறுத்துங்கள். கீழே ஐந்தாவது அறிகுறிக்குப் போங்கள்.

### எப்போதும், எந்த வால்யூமிலும்

கப்ளிங் கெப்பாசிட்டரின் திசையைப் பாருங்கள். பேஸில் 2 வோல்ட் இருக்கிறது, ஜெனரேட்டரில் 0. ஆகவே உள்ளீட்டுக் கெப்பாசிட்டரின் பிளஸ் பேஸ் பக்கம் வர வேண்டும். "சிக்னல் வரும் பக்கம் பிளஸ்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இதைத் திருப்பிப் போடுவார்கள். கெப்பாசிட்டர் கசிந்து, பேஸ் வோல்டேஜைக் கீழே இழுக்கும். இரண்டு ஸ்டேஜ்களுக்கு நடுவே பிளஸ் முந்தைய கலெக்டர் பக்கம். அதிக வோல்டேஜ் எந்தப் பக்கமோ அங்கே பிளஸ். வேறு விதி தேவையில்லை.

வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் கார்பன் தடத்தில் தூசு. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். சுத்தம் செய்தும் போகாவிட்டால் கசியும் கெப்பாசிட்டர் வழியே குமிழுக்குள் டிசி வருகிறது.

## அறிகுறி 4: ஹம், விசில், டுக்டுக்

உள்ளீட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். ஹம் நின்றுவிட்டால் அது வெளியிலிருந்து வருகிறது: நீளமான ஒயர், உறையில்லாத ஒயர், உறையின் கிரவுண்ட் சேராத ஜாக். ஷீல்டு ஒயருக்கு மாற்றினால் அடங்கும்.

ஷார்ட் செய்தும் நிற்கவில்லை என்றால் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் அமைதி என்றால் சப்ளைதான் காரணம். பிரிட்ஜ் ரெக்டிஃபையரிலிருந்து வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து தொற்றுவது 50. காது பழகிவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். 200 மில்லிஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு 1000 மைக்ரோ மட்டும் போட்டால் ஏறக்குறைய 2 வோல்ட் ரிப்பிள் (டிசி மீது ஏறி இறங்கும் அலை) இருக்கும். 2200 அல்லது 4700 போடுங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபை ஆனதும் பளு இல்லாமல் 16 வோல்ட் வரை ஏறும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் அங்கே பத்தாது, 25 வோல்ட் வேண்டும்.

டுக்டுக்கென்று மோட்டார் படகு போல வந்தால், கடைசி ஸ்டேஜ் இழுக்கும் கரண்ட் சப்ளை வழியே முதல் ஸ்டேஜுக்குத் திரும்பி வருகிறது. முதல் ஸ்டேஜின் சப்ளைக்கு 100 ஓம் தொடராகவும், அதற்கு அப்பால் 100 மைக்ரோ கிரவுண்டுக்கும் போடுங்கள். தேய்ந்த பேட்டரியிலும் இது வரும்.

விசில் அடித்தால் உள்ளீட்டு ஒயரும் அவுட்புட் ஒயரும் பக்கத்தில் ஓடுகின்றன, விலக்குங்கள். காதுக்குக் கேட்காத விசிலும் உண்டு: டிசி எண்கள் கை கிட்டே போனாலே மாறும், சிக்னல் இல்லாமலே டிரான்சிஸ்டர் சுடும், சிஆர்ஓவில் கோடு தடித்துத் தெரியும். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டிரான்சிஸ்டருக்கு ஒட்டியே ஒரு 104, பேஸுக்குத் தொடராக 100 ஓம், ஸ்பீக்கருக்கு இணையாக 10 ஓமும் 104-ம் தொடராக. இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிரெட்போர்டிலேயே அடங்காவிட்டால் பிரெட்போர்டுதான் காரணம், புள்ளி போர்டில் சால்டர் செய்துவிடுங்கள்.

பாட்டுக்கு நடுவே வானொலி நிலையம் கேட்கிறதா? பேஸ்–எமிட்டர் சந்தி ரேடியோ அலையைப் பிரித்தெடுக்கிறது. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 220 பிகோஃபாரட் போட்டால் நிலையம் மறையும்.

## அறிகுறி 5: அவுட்புட் டிரான்சிஸ்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறது

இங்கே மட்டும் நிதானம் வேண்டும். மற்ற பழுதுகள் காத்திருக்கும், இது சில நொடிகளில் ஜோடியையே கொண்டுபோய்விடும்.

சப்ளையை நிறுத்துங்கள். கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளை என்றால் 100 மில்லிஆம்பியரில் வையுங்கள். இல்லையென்றால் சப்ளைக்குத் தொடராக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மறுபடி சப்ளை கொடுங்கள்.

பேஸ்களுக்கு நடுவே 2 வோல்ட்டுக்கு மேல் ஏற முயல்கிறதா? பயாஸ் டையோடு ஒன்று திருப்பிச் செருகப்பட்டிருக்கிறது அல்லது தொடவில்லை. டையோடு வழி மூடினால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறக்கும். இந்தச் சர்க்யூட்டிலேயே மிகப் பெரிய சேதத்தைச் செய்வது இந்தச் சின்ன 1என்4148 தான்.

பேஸ்களுக்கு நடுவே 1.3 சரியாக இருக்கிறது, ஆனாலும் சுடுகிறது என்றால் 1 ஓம் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 10 முதல் 20 மில்லிவோல்ட் என்றால் 10 முதல் 20 மில்லிஆம்பியர், போதுமானது. நிமிடத்துக்கு நிமிடம் அது ஏறிக்கொண்டே போனால், சூட்டால் கரண்டும் கரண்டால் சூடும் ஒன்றையொன்று தூக்குகின்றன. டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். டையோடும் அதே சூட்டை உணர்ந்தால்தான் கூடவே இறங்கி ஈடுகட்டும். அதை ஹீட்சிங்கோடு ஒட்டிக் கட்டுங்கள். காற்றில் தொங்கும் டையோடு எதையும் காப்பாற்றாது.

நடுப்புள்ளியில், அதாவது இரண்டு 1 ஓம் ரெசிஸ்டர்களும் சேரும் இடத்தில், 6 வோல்ட் இருக்க வேண்டும். 11 அல்லது 1 காட்டினால் குற்றம் முந்தைய டிரைவரில். அவுட்புட் ஜோடியை மாற்றிப் பயனில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இல்லாமல் இந்த 6 வோல்ட்டை நேராக 8 ஓமுக்குக் கொடுத்தால் முக்கால் ஆம்பியர் நிற்காமல் ஓடும். காயில் கருகும் வாசனை வந்த பிறகு ஸ்பீக்கரைக் காப்பாற்ற முடியாது.

பிடி139-ன் எழுத்து முகம் உங்களைப் பார்க்க இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். டிஐபி41-க்கு பேஸ், கலெக்டர், எமிட்டர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே செருகினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டிலும் உலோகப் பக்கம் கலெக்டர் என்பதால், ஒரே ஹீட்சிங்கில் இரண்டைப் பூட்டும்போது மைக்கா ஷீட் போட்டு, கண்டினியூட்டி பார்த்துவிட்டுத்தான் சப்ளை.

## அறிகுறி 6: முதலில் ஓடுகிறது, பிறகு விட்டுவிட்டு வருகிறது

பிளாஸ்டிக் பேனாவால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டுங்கள். எங்கே தட்டினால் சத்தம் போகிறதோ அங்கே தளர்வு. பிரெட்போர்டில் 1என்4007 மாதிரி தடித்த காலுள்ள டையோடைச் செருகிய துளை விரிந்துபோகும். அடுத்து அதில் செருகும் மெல்லிய கால் பேருக்குத்தான் நிற்கும். துளையை மாற்றுங்கள். சால்டர் செய்த போர்டு என்றால் மங்கலாக, வளையம் விட்டுத் தெரியும் இணைப்புகளுக்கு மறுபடி சூடு கொடுங்கள்.

சூடானால் மட்டும் போகிறது என்றால் ஹேர் டிரையரை ஒவ்வொரு பாகமாகக் காட்டி, எது சூடாகும்போது எண்கள் நகர்கின்றன என்று பாருங்கள். பழைய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரும் வறண்ட சால்டரும்தான் பெரும்பாலும் பிடிபடும்.

## எங்கே கையை எடுக்க வேண்டும்

12 வோல்ட் பேட்டரியிலோ லேப் சப்ளையிலோ ஓடும் எதையும் நீங்களே பார்க்கலாம், அதிகபட்சம் சில நூறு ரூபாய் நஷ்டம். கீழே உள்ளவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமோ லேப் ஆசிரியரிடமோ கொண்டுபோங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் பளு இல்லாமலே சுடுகிறது, அல்லது ஃபியூஸ் போட்டதும் போகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது சோதனை அல்ல. சீரிஸ் பல்பு போர்டு (மெயின்ஸுக்குத் தொடராகப் பல்பு போட்ட போர்டு) வைத்திருக்கும் மெக்கானிக் பல்பு எரியும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் வகைப் பவர் சப்ளை) உள்ள பெட்டி. உள்ளே பிரதான கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் இதே கணக்கு.

பிளஸ், மைனஸ் இரட்டைச் சப்ளையில் ஓடும் மேடை ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரை மறுபடி மாட்டாதீர்கள். அதற்குப் பிறகு அது உங்கள் வேலையும் அல்ல. இந்த வகையில் வரும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிக்குச் சந்தையில் போலிகள் அதிகம். அவசரத்துக்கு மலிவாகக் கிடைத்ததை வாங்கி மாற்றினால் அடுத்த கச்சேரியிலேயே வெடிக்கும்.

கொண்டுபோகும்போது "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சர்க்யூட் வரைபடம், ஒவ்வொரு காலிலும் நீங்கள் அளந்த வோல்டேஜ், ஏற்கெனவே மாற்றிய பாகங்கள் இவை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றியதில் கழற்றிய பழைய டிரான்சிஸ்டர்களையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தால், எது முதலில் போனது என்று அவர் அதை அளந்தே கண்டுபிடித்துவிடுவார்.